கேட்காத வசனம், தெரியாத முகம்: தாமிரபரணிக் கரையில் ஒரு வெள்ள நாடகத்தின் அரங்கும் ஒளியும்

பின்னணி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணியின் கீழ்க்கரை ஊர்களில் தண்ணீர் ஏற ஏற மக்களும் கட்டில், மேசை, மொட்டைமாடி என்று ஏறிக்கொண்டே போனார்கள். அந்த இரவில் ஒரு வீட்டுக்குள் நடந்ததை 70 நிமிட நாடகமாக எழுதி, திருநெல்வேலியைச் சேர்ந்த ஒரு சிறு குழு அடுத்த ஆண்டு ஆடி மாதம் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் போட்டது. நடிகர்கள் ஏழு பேர், அரங்கமைப்புக்கு ஒருவர், ஒளிக்கு ஒருவர். விளக்கும் ஒலிபெருக்கியும் உள்ளூர் மைக்செட்காரருடையவை. குழுவின் பெயர், ஊர்ப்பெயர், ஆட்களின் பெயர் எதுவும் இங்கே தரப்படவில்லை.

வந்திருந்த முந்நூறு பேரில் அநேகமாக எல்லோருமே வெள்ளத்தைக் கண்ணால் கண்டவர்கள். இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். இந்தப் பக்கத்து ஊர்க் கோயில் கொடை விழாக்களில் விடிய விடிய வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் நடப்பது டியூப்லைட் வெளிச்சத்தில்தான். கூத்தின் முதன்மைப் பாடகரான அண்ணாவியின் முகமும் வில்லடிப்பவரின் வாயும் ஒரு நொடிகூட இருட்டுக்குள் போவதில்லை. அப்படிப் பார்த்துப் பழகிய கண்கள் இவை.

களத்தின் அளவுகள்

ஊராட்சிப் பள்ளி வளாகத்தில் உள்ள கான்கிரீட் கலையரங்கம். அகலம் 24 அடி, ஆழம் 18 அடி, தரையிலிருந்து மேடை உயரம் 3½ அடி, மேடையிலிருந்து கூரை 12 அடி. பக்கச் சுவர்கள் இல்லை. பின்சுவரில் வெளிர் மஞ்சள் டிஸ்டெம்பர். கூட்டம் மணலில் பாய் விரித்து உட்கார்ந்தது; கடைசியில் நான்கு வரிசை பிளாஸ்டிக் நாற்காலி.

தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தவரின் கண் மட்டம் ஏறத்தாழ 2½ அடி. மேடையோ 3½ அடி. ஆகவே பாயில் இருந்த எவருக்கும் மேடையின் தரை தெரிய வழியே இல்லை. அரங்கமைப்பாளர் பத்தமடைக் கோரைப்பாய்களைத் தரை முழுக்க விரித்து, வீட்டின் அறைகளைப் பாயின் நிறத்தாலேயே பிரித்திருந்தார். ஒத்திகையில் நின்றபடி பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. நிகழ்வில் அதைப் பார்த்தவர்கள் நாற்காலிக்காரர்கள் மட்டும். அவர்களுக்கும் ஒரு கோடாகத்தான் தெரிந்தது. எந்த ஊரில் மேடை கட்டினாலும் முதல் வேலை, கூட்டம் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பார்ப்பது. நம் குழுக்களில் பாதி இதைச் செய்வதில்லை.

முதல் நிகழ்வில் விளக்குகள் இருந்த விதம்: 54 எல்.இ.டி. கொண்ட பார் லைட் (வட்டமுக மேடைவிளக்கு) 12, மேடை முகப்பு உத்தரத்துக்குக் கீழே ஒரே குழாயில் வரிசையாக. 1 கிலோவாட் ஹாலஜன் பார் 2, மேடைக்கு வெளியே இரு முன்மூலைகளிலும் ஆளுயர ஸ்டாண்டில். மின்னலுக்கு, வெட்டி வெட்டி எரியும் ஸ்ட்ரோப் விளக்கு ஒன்று. பின்னால் புத்தம்புதிய பனையோலைத் தட்டிகள். வெள்ளத்துக்கு 20 அடி நீள நீலத்துணி. இருபுறமும் ஆள் நின்று ஆட்ட வேண்டும்.

முதல் நிகழ்வில் கண்டவை

பத்தாவது நிமிடத்திலேயே பின்னாலிருந்து, “ஒண்ணும் கேக்கல, சவுண்ட வையிங்கல!” என்று குரல் வந்தது. மைக்செட்காரர் கூட்டினார். மைக் கூவியது. குறைத்தார். மறுபடி சத்தம் வந்தது. நிகழ்ச்சி முடியும்வரை இதே கதைதான்.

பகல் காட்சியிலிருந்து இரவுக்கு, முழு வெளிச்சத்தை ஒரே அடியாக அணைத்து அடர்நீலத்தைப் போட்டு மாறினார்கள். அங்கிருந்து கூட்டத்தில் பேச்சுச் சத்தம் கூடியது. பிள்ளைகள் எழுந்து ஓடத் தொடங்கின. நீலத்துணி ஆடியபோது முன்வரிசையில் சிரிப்பு. ஸ்ட்ரோப் வெட்டியபோது நடுவயதுப் பெண்கள் சிலர் எழுந்து போனார்கள். அவர்களில் இருவர் திரும்பி வரவில்லை.

முடிந்த பிறகு குழுவினர் கூட்டத்தோடு பேசினார்கள். மூன்று பேச்சுகள் குறிப்பேட்டில் உள்ளன. நீலத்துணியைப் பற்றி ஒரு பெரியவர்: “வந்த தண்ணி நீலமாவா இருந்துச்சு? செவசெவன்னுல்லா வந்துச்சு.” மின்னலைப் பற்றி ஒரு பெண்: “கரண்டு போயி ஒரே கும்மிருட்டு. இது என்ன, கண்ணுல குத்துதாப்புல.” மூன்றாவதைச் சொன்னவர் எழுபதைத் தாண்டிய ஓர் ஆச்சி. சத்தம் போதவில்லையா என்று கேட்டதற்கு, “சத்தமெல்லாம் கேக்கத்தான் செய்யுது ஐயா. யாரு பேசுதான்னுதான் தெரியல” என்றார்.

காரணத்தைத் தேடியது

முதலில் எல்லோரும் ஒலியைத்தான் குறை சொன்னார்கள். மைக்செட்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. “அண்ணாச்சி, கடைசி வரிசையில நின்னு நானே கேட்டேன், தெளிவாத்தான் இருக்கு” என்று பிடிவாதமாகச் சொன்னார். பின்வரிசையிலிருந்து கைப்பேசியில் யாரோ எடுத்திருந்த காணொளி அவர் பக்கம்தான் சாட்சி சொன்னது: வசனம் கேட்கிறது, முகம் இல்லை.

அடுத்த வாரம் அதே மேடையில் ஒரு சின்னச் சோதனை செய்தார்கள். நாடகத்தை அறியாத சிலரை 40 அடி தள்ளி உட்காரவைத்து, ஒலியை ஒரே அளவில் நிறுத்தி, மேலே தொங்கிய விளக்குகளின் வெளிச்சத்தில் பிரதியின் ஒரு பக்க வசனமும், முகத்துக்கு நேராக ஒரு விளக்கை வைத்து இன்னொரு பக்க வசனமும் பேசிக்காட்டினார்கள். முதல் பக்கத்தில் வாக்கியங்கள் விட்டுப்போயின, யார் பேசியது என்பதும் மாறிப்போனது. முகத்தில் ஒளி விழுந்ததும் திரும்பச் சொல்வதில் தடுமாற்றமே இல்லை. இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிடிக்க உதட்டசைவு எவ்வளவு கைகொடுக்கிறது என்பதை சம்பி, பொலாக் என்ற ஆய்வாளர்கள் 1954-லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். திறந்தவெளியில், குழந்தை அழுகையும் ஆடிக்காற்றும் கலந்த இடத்தில், எல்லோருக்கும் ஒரே மைக் வழியே குரல் வரும்போது இதன் பங்கு இன்னும் பெரிது. குரல் வரும் திசை ஒலிபெருக்கிக் குழாய். பேசுபவர் யார் என்று காட்ட முகம் ஒன்றுதான் உண்டு.

முகம் ஏன் தெரியவில்லை என்பதற்கு நான்கு காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன.

உத்தரத்தில் தொங்கிய விளக்குகள் அநேகமாக உச்சந்தலைக்கு மேலிருந்து இறங்கின. நெற்றியும் மூக்கும் மின்னின. கண்குழியும் உதடும் நிழலில்.

பின்சுவர் நடிகரைவிடப் பிரகாசமாக இருந்தது. கைப்பேசிச் செயலியில் அளந்தபோது முகத்தில் விழுந்ததைப் போல மூன்று மடங்கு வெளிச்சம் சுவரில் விழுந்திருந்தது. செயலி காட்டும் லக்ஸ் (வெளிச்ச அளவு) எண்ணை நம்ப முடியாது. இரண்டு இடங்களை ஒப்பிட மட்டும் அது போதும். புதிய பனையோலை வேறு வெளிர் மஞ்சளாக ஒளியைத் திருப்பி அடித்தது. கண் அதற்கேற்பச் சுருங்கிக்கொள்ள, அதற்கு முன்னால் நின்ற கறுத்த, மாநிற முகங்கள் வெறும் உருவக்கோடாயின.

முகத்துக்கென்று வைத்த ஒரே விளக்குகளான ஹாலஜன் இரண்டும் மங்கிச் சிவந்து எரிந்தன. பள்ளிக் கட்டடத்திலிருந்து 100 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ. ஒயரில் மின்சாரம் வந்தது. அந்த ஒயரின் போகவர மின்தடை சுமார் 2.4 ஓம். மொத்த இழுவை 13 ஆம்பியர் இருந்தபோது 31 வோல்ட் வழியிலேயே போய்விட, மேடையில் மீட்டர் 198 வோல்ட் காட்டியது. ஹாலஜன் போன்ற இழைவிளக்கின் ஒளி மின்னழுத்தத்தோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை, ஏறத்தாழ அதன் 3.4 அடுக்குக்கு ஏற்ப வேகமாக விழும். 14 விழுக்காடு வோல்ட் குறைந்தால் வெளிச்சம் 40 விழுக்காடு போய்விடும். எல்.இ.டி. விளக்குகள் இந்தக் குறையைக் காட்டிக்கொள்ளாமல் எரியும் என்பதால் மேலே நின்று பார்த்தவருக்குச் சந்தேகமே வரவில்லை.

நான்காவது நீலம். கண்ணில் கூர்மையாகப் பார்க்கும் நடுப்புள்ளியில் நீலத்தை உணரும் செல்கள் கிடையாது. அடர்நீல ஒளி மட்டும் இருந்தால் முகத்தின் விளிம்புகள் கலங்கித்தான் தெரியும். பழுப்புத் தோல் நீலத்தை மிகக் குறைவாகவே திருப்பித் தரும். வெள்ளைத்தோல் நடிகர்களை வைத்து எடுத்த மேடைப் படங்களைப் பார்த்து இங்கே நீலம் போடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. போதாக்குறைக்கு, முழு வெளிச்சத்திலிருந்து இரண்டு நொடியில் இருட்டுக்குள் தள்ளப்பட்ட கண் பழக ஐந்து முதல் பத்து நிமிடம் பிடிக்கும். இரவுக் காட்சியின் முக்கியமான வசனங்கள் அந்தப் பத்து நிமிடத்துக்குள்தான் இருந்தன.

முகத்துக்கும் பின்புலத்துக்கும் எடுத்த முடிவுகள்

முன்னொளிக்கு இரண்டு சவுக்குக் கம்புகள் நட்டார்கள். உயரம் தரையிலிருந்து 18 அடி, மேடை விளிம்புக்கு 6 அடி முன்னால், மூலைகளுக்கு ஓரடி வெளியே. ஒவ்வொன்றிலும் 200 வாட் சி.ஓ.பி. வகை (ஒரே தகட்டில் நெருக்கமாகப் பதித்த எல்.இ.டி.) வெதுவெள்ளை விளக்கு இரண்டு. மேடை ஒளியமைப்பு முன்னோடியான அமெரிக்கர் மெக்காண்ட்லஸ் 1932-ல் வகுத்த முறையில் இருபுறமும் 45 டிகிரியிலிருந்து ஒளி வரவேண்டும். அந்தக் கோணம் இந்த மேடைக்குக் கிடைக்காது. அதற்குக் கம்பு தென்னை உயரம் வேண்டும். கிடைத்தது 27 டிகிரி. உதடு, கண் இரண்டும் தெரிய அது போதும். தாழ்ந்த கோணத்தில் நிழல் நீளும் என்பதால், நடிகர்கள் மேடையின் முன் 8 அடிக்குள் நிற்க வேண்டும் என்று கோடு போடப்பட்டது. அதற்குள் நின்றால் தலையின் நிழல் பின்படுதாவுக்கு முன்பே தரையில் விழுந்துவிடும். தரை யாருக்கும் தெரியாது என்பது இங்கே உதவியாகிவிட்டது.

ஒவ்வொரு கம்புக்கும் மூன்று திசையில் இழுவைக்கயிறு, அடியில் மண் நிரப்பிய சிமெண்டு சாக்கு இரண்டு. செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று ஆடி முடிந்தும் சில வாரம் இருக்கும். விளக்கைக் கட்டும் கொக்கிக்கு மேல் தனியாக ஒரு இரும்புச் சங்கிலி போடாமல் ஆள் உட்காரும் இடத்தில் எதையும் தொங்கவிடக் கூடாது.

பின்சுவருக்கு ஒன்றரை அடி முன்னால் கறுப்புக் காடாத்துணி தொங்கவிடப்பட்டது. துணியை இழுத்துக் கட்டாமல் மடிப்பு விட்டுத் தொங்கவிட்டால் இன்னும் கறுப்பாகத் தெரியும். புதிய ஓலைத்தட்டிகளை எடுத்துவிட்டு, ஒரு வீட்டுக் கொல்லையில் மழைபட்டுச் சாம்பல் நிறமான பழைய தட்டிகளைக் கேட்டு வாங்கினார்கள். வீட்டுக்காரருக்குப் புதியவை கிடைத்ததில் ஏக மகிழ்ச்சி. கறுப்புத் துணி, பழைய தட்டி, அவற்றுக்கு முன்னால் முகம் என்று வெளிச்சம் படிப்படியாக ஏறியது.

காய்ந்த ஓலைக்கும் சூடான விளக்குக்கும் நடுவே 5 அடி இடைவெளி கட்டாயம். அதோடு, 100 லிட்டர் தண்ணீருக்கு 7 கிலோ வெண்காரம், 3 கிலோ போரிக் ஆசிட் என்ற விகிதத்தில் கரைத்த நீரைத் தட்டியின் இருபுறமும் தெளித்துக் காயவைத்தார்கள். ஒரு கீற்றைப் பிய்த்துத் தீக்குச்சியில் காட்டிப் பார்த்த பிறகே மேடைக்கு ஏற்றினார்கள். ஒழுங்காக நனைந்த ஓலை கருகும். குச்சியை எடுத்ததும் அணைந்துவிடும்.

இரவுக் காட்சிக்கு அடர்நீலம் முழுவதும் விலக்கப்பட்டது. மேடையில் ஓர் அரிக்கேன் விளக்கு, உள்ளே 12 வோல்ட் சிறு பல்பு. அது இருக்கும் பக்கத்து முன்விளக்கு 25 விழுக்காட்டில். பின்னாலிருந்து தலை, தோள் விளிம்பில் மட்டும் வெளுத்த நீலம். எல்.இ.டி. பாரில் நீலத்தை மட்டும் ஏற்றாமல், வெள்ளையை முக்கால்பங்கு வைத்து நீலத்தைக் கொஞ்சம் கூட்டினால் இந்த நிறம் வரும். பகலுக்கும் இரவுக்கும் இடையில் மாலைக் காட்சி ஒன்றை நாடகாசிரியர் நீட்டிக்கொடுத்தார். அந்த 7 நிமிடத்தில் ஒளி யாரும் அறியாமல் இறங்கியது. ஸ்ட்ரோப்பை வாடகைப் பட்டியலிலிருந்தே அடித்துவிட்டார்கள். நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் வெட்டும் ஒளி வலிப்பு நோயாளிகளுக்கு ஆபத்து என்பது ஒரு காரணம். ஊர்க்காரர்கள் நினைவில் இருந்த இரவு அது அல்ல என்பது பெரிய காரணம்.

தண்ணீரைக் காட்டிய விதம்

இந்த நிகழ்வில் மற்றவர்கள் எடுத்துக்கொள்ளத்தக்க பகுதி இதுவே.

நீலத்துணி போன பிறகு வெள்ளத்தை எதால் காட்டுவது என்ற கேள்வி நின்றது. செம்மண் நிறத் துணி, புகை, படம் காட்டும் கருவி என்று பேச்சுப் போயிற்று. கடைசியில் ஒளியமைப்பாளர் சொன்னதை ஏற்றார்கள்: தண்ணீரைக் காட்ட வேண்டாம், தண்ணீர் மூடிய பகுதியைக் காட்டாமல் விடுவோம். நடிகரின் முழங்காலுக்குக் கீழே ஒளி இருக்காது. பிறகு இடுப்புக்குக் கீழே. பிறகு நெஞ்சுக்குக் கீழே.

இதற்கு ஒளியின் கீழ்விளிம்பு மேடை முழுவதும் ஒரே உயரத்தில், கிடைமட்டமாக இருக்க வேண்டும். விளக்கை மேலே வைத்து, அதன் வாயில் உள்ள கீழ்மடலை மூடினால் விளிம்பு சரிவாக இறங்கும். பக்கத்தில் நிற்பவருக்கு இடுப்பு, தூரத்தில் நிற்பவருக்குக் கணுக்கால் என்றாகும். விளக்கே தண்ணீர் மட்டத்தில் இருந்து, அதே மட்டத்தில் ஒரு தடுப்பு அதற்கு முன்னால் நின்றால்தான் விளிம்பு கிடையாகப் போகும்.

ஆகவே மேடையின் இரு பக்கத்திலும், வெளியே 6 அடி தள்ளி, மூன்று மூன்று விளக்குகள். மேடைத் தரையிலிருந்து கணக்கிட்டு 50, 90, 125 செ.மீ. உயரங்களில்.

முதலில் கையிலிருந்த எல்.இ.டி. பார்களை வைத்துப் பார்த்ததில் விளிம்பே வரவில்லை. காரணம் எளிது. தடுப்பு விளக்கிலிருந்து 4 அடி, நடிகர் தடுப்பிலிருந்து 12 அடி என்றால் விளிம்பின் கலங்கல், ஒளிமூலத்தின் தடிப்பைப் போல மூன்று மடங்கு. பார் லைட்டின் முகம் 18 செ.மீ.; கலங்கல் 54 செ.மீ. முழங்காலும் இல்லை, இடுப்பும் இல்லை. அதை விட்டுவிட்டு, கட்டட வேலைக்கு வைக்கும் 500 வாட் நீள ஹாலஜன் குழலை எடுத்தார்கள். அதன் இழை படுத்தவாக்கில் ஒரு நூல். தடிப்பு 2 மி.மீ. அளவில். தடுப்பின் மேல்விளிம்பை இழைக்கு இணையாக வைத்தால் கலங்கல் விரற்கடைக்கும் குறைவு.

செய்முறை: 15 கிலோ எண்ணெய் டின்னை நெடுக்காக வெட்டி, உள்ளே சைலன்சருக்கு அடிக்கும் சூடுதாங்கும் கறுப்புப் பெயிண்டு. ஹாலஜன் கூட்டின் பளபளப்பான பின்தகட்டைக் கழற்றிவிட வேண்டும். அது இருந்தால் பிரதிபலிப்பு இரண்டாவது ஒளிமூலமாகி விளிம்பைக் கெடுக்கும். குழலை வெறும் கையால் தொடக் கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடம் அதிகம் சூடேறி வெடிக்கும். குழல் எப்போதும் கிடையாகவே இருக்க வேண்டும். தடுப்புக்கு 4 அடி நீள அலுமினிய ஆங்கிள் பட்டை, அதன்கீழ் கறுப்புத் துணி. இழையின் மட்டமும் பட்டையின் மட்டமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க ரசமட்டம் போதாது. இரு பக்கத்துக்கும் 36 அடி இடைவெளி. ஒரு கொத்தனாரை அழைத்து, தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலால் ஆறு விளக்கையும் ஆறு தடுப்பையும் சரிசெய்தார்கள்.

வீட்டுக்கான அரங்கமைப்பும் இதை ஒட்டி மாறியது. கோரைப்பாய், வாசற்படி, ஜன்னல் சட்டம் எல்லாம் போயின. பள்ளியிலிருந்த 45 செ.மீ. பெஞ்சுகளும் 75 செ.மீ. மேசைகளும் மட்டும், கறுப்புச் சாக்கு சுற்றி, ஒன்றோடொன்று கம்பியால் முறுக்கிக் கட்டி நின்றன. கணக்கைப் பாருங்கள். தண்ணீர் 90 செ.மீ.யில் இருக்கும்போது தரையில் நிற்பவருக்கு அது இடுப்பு. பெஞ்சில் ஏறினால் 45, அதாவது முழங்கால். 125-க்கு வந்ததும் மேசைமேல் நிற்பவருக்கு 50. தரையில் இருப்பவருக்கு நெஞ்சு. நடிகர் ஏறினால் உடம்பு வெளிச்சத்துக்கு வருகிறது, இறங்கினால் மூழ்குகிறது. ஒளிக்காரர் எதையும் செய்ய வேண்டியதில்லை. கிழவியை மேசைக்குத் தூக்கிவிடும் இடத்தில் அவர் கால்கள் இருட்டிலிருந்து வெளிப்பட்டு வருவது தானாகவே நிகழ்ந்தது.

மட்டம் மாறும்போது கீழ் ஜோடி அணைந்து மேல் ஜோடி ஏறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் 40 நொடி. தடுப்பைக் கையால் மெதுவாகத் தூக்கிப் பார்த்ததும் உண்டு. விளக்கு கீழேயே இருக்கத் தடுப்பு மட்டும் ஏறினால் விளிம்பு மேல்நோக்கிச் சாய்கிறது; கைவிட்டார்கள். இந்தக் காட்சிகளில் பின்னொளி முழுக்க அணைப்பு. முன்விளக்கு 15 விழுக்காடு, கீழ்மடல் இறக்கி. அதற்குமேல் ஏற்றினால் கால் தெரிந்துவிடும். சுத்தமாக அணைத்தால் நேராகப் பார்த்துப் பேசுபவரின் மூக்கு நெடுக இருட்டுக் கோடு விழும். நடிகர்கள் பேசும்போது முகத்தை ஏதாவது ஒரு பக்கம் கால்வாசி திருப்பப் பழகிக்கொண்டார்கள்.

கூட்டத்தின் மேல் விழும் வெளிச்சம்

இருட்டையே தண்ணீராக்கும்போது தெருவிளக்கும் பந்தல் டியூப்லைட்டும் பகையாகிவிடும். எல்லாவற்றையும் அணைக்கச் சொல்வது எளிது. ஊர் ஒத்துக்கொள்ளாது, ஒத்துக்கொள்ளவும் கூடாது. பெண்களும் பிள்ளைகளும் தரையில் உட்காரும் இடம், பூச்சி பொட்டு வரும் ஆற்றங்கரை. ஊர்ப்பெரியவரோடு பேசி, மேடைக்கு அருகில் இருந்த இரண்டு தெருவிளக்குகளை மட்டும் ஊராட்சிப் பணியாளர் மூலம் நாடக நேரத்துக்கு அணைத்தார்கள். கூட்டத்துக்குப் பின்னால் நான்கு டியூப்லைட், தகர மறைப்போடு தரையைப் பார்த்து. மேடைக்கு ஒளி போகவில்லை. கூட்டத்திலும் முணுமுணுப்பு எழவில்லை.

மின்சாரத்துக்கு 5 கே.வி.ஏ. ஜெனரேட்டர், 4 சதுர மி.மீ. கேபிள், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., தனி எர்த். எல்.இ.டி. பார் பன்னிரண்டை ஆறாகக் குறைத்ததால் உச்ச இழுவை 2½ கிலோவாட்டைத் தாண்டவில்லை.

இரண்டாம் நிகழ்வு

புரட்டாசியில், ஆற்றின் மறுகரையில் வேறோர் ஊர்; ஏறத்தாழ அதே அளவுக் கலையரங்கம், அதே மைக்செட், அதே ஒலி அளவு. “கேக்கல” என்ற குரல் ஒரு தடவையும் எழவில்லை. இரவுக் காட்சி தொடங்கியும் பிள்ளைகள் உட்கார்ந்தே இருந்தன. 90 செ.மீ. மாற்றத்தின்போது முன்வரிசையில் ஒரு பெண், பக்கத்திலிருந்தவளிடம், “இடுப்புக்கு வந்துட்டு பாரு” என்று சொன்னது மேடை மைக்கிலேயே பதிவாகியிருக்கிறது. நாடகத்தில் அதுவரை ‘இடுப்பு’ என்று யாரும் சொல்லவில்லை. எழுந்து போனவர்களும் உண்டு. இம்முறை அவர்களில் பலர் ஓரமாக நின்று பார்த்தார்கள்.

இதை வைத்து எல்லாம் ஒளியால் வந்தது என்று எழுதிவிட முடியாது. ஊர் வேறு, கூட்டம் வேறு, நடிகர்களும் இரண்டு மாதம் கூடுதலாகப் பழகியிருந்தார்கள், மாலைக் காட்சி நீண்டிருந்தது. ஒலியைத் தொடாமலே ஒலிப்புகார் நின்றது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

குறைகளும் இருந்தன. அன்று பகலில் தூறல். தட்டிகளில் இருந்த வெண்காரம் கரைந்து வழிந்துவிட்டது. மறுபடி தெளித்துக் காயவைக்க நேரமில்லாமல், ஓரத்துத் தட்டிகளைக் கழற்றிவிட்டார்கள். அதனால் பக்கவாட்டில் உட்கார்ந்த சிலருக்கு ஹாலஜன் நேராகக் கண்ணில் அடித்தது. அவர்களுக்குத் தண்ணீர் மட்டம் பிடிபடவே இல்லை. மழைக்குப் பிந்திய ஈசல் டின்னுக்குள் புகுந்து கருகி நாற்றம் கிளம்பியது. 125 செ.மீ. மாற்றத்தில் இடப்பக்கக் குழல் வெடித்தது. வலப்பக்கம் மட்டும் எரிய, நடிகர்கள் அந்தப் பக்கம் முகம் திருப்பிச் சமாளித்தார்கள். கூட்டம் கவனித்ததாகத் தெரியவில்லை.

மாற்ற வேண்டியவை

டின்னின் வாயில் மெல்லிய கம்பி வலை அடிக்க வேண்டும். பூச்சிக்கும், குழல் வெடித்தால் கண்ணாடிச் சில்லுக்கும் அது தடை. நைலான் வலை சூட்டில் உருகும். உச்ச மட்டத்துக்கு ஒவ்வொரு பக்கமும் இரண்டு குழல், ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மட்டத்தில் வைத்து ஒன்றை மட்டும் எரிக்கலாம்.

பக்கவாட்டு மறைப்புக்கு ஓலை வேண்டாம். கறுப்புத் தார்ப்பாயைச் சவுக்குச் சட்டத்தில் அடித்து நிறுத்தினால் தூறலும் காற்றும் ஒன்றும் செய்யாது. ஓலை நடுவில், நடிகர்களுக்குப் பின்னால் மட்டும் இருக்கட்டும்.

உட்காரும் இடத்தையும் அளந்து கட்ட வேண்டும். மேடையின் இரு மூலைகளிலிருந்தும் நேராக முன்னோக்கிக் கயிறு கட்டி, அதற்கு வெளியே பாய் விரிக்காமல் விட்டால் எவர் கண்ணிலும் விளக்கு அடிக்காது. மூன்றாம் நிகழ்வுக்கு ஊர் முடிவாகிவிட்டது. அங்குள்ள மேடையின் உயரம் 2 அடிதான். நாற்காலியில் இருப்பவர்களுக்கு அங்கே மேடைத் தரை தெரியும் என்பதால், முதலில் தரைக்குக் கறுப்புச் சாக்கு விரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.